ஆப்பிளில் எத்தனை கலோரி, எவ்வளவு சத்து? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் நம் கையில் இருப்பது ஆப்பிள், இல்லாவிட்டால் சாத்துக்குடி. அதே பையில் கொய்யா வாங்கிப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆப்பிளுக்கு இந்த மரியாதை சத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. தூரத்து மலையிலிருந்து வந்த பழம், ஒரு காலத்தில் காசுள்ள வீட்டில் மட்டும் இருந்த பழம், அதனால் வந்த மரியாதை. அதற்காக மோசமான பழமும் இல்லை. எதில் கெட்டி, எதில் சுமார் என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டால் போதும்.

கீழே வரும் சத்து அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையை ஒட்டியவை. ரகம், பழுத்த அளவு, விளைந்த இடம் ஆகியவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

ஒரு ஆப்பிளில் எத்தனை கலோரி?

தோலோடு 100 கிராமுக்கு 52 கலோரி. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். நடுத்தர அளவுள்ள பழத்தில் (தின்னும் பகுதி 180 கிராம் அளவு) சுமார் 95 கலோரி. சின்னப் பழத்தில் 75 முதல் 80. கையில் அடங்காத பெரிய பழத்தில் 115 கலோரிக்கு மேல்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 130 கலோரி. ஒரு நடுத்தர ஆப்பிள் என்பது முக்கால் பங்கு அளவு, அதாவது 70 கிராம் சோறு. ஒரு சின்னக் கரண்டிதான்.

வீட்டில் தராசு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரர் எடை போடும்போது கிலோவுக்கு எத்தனை பழம் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து நின்றால் ஒவ்வொன்றும் 200 கிராம். காம்பு, விதை, நடுத்தண்டு என்று பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். மிச்சம் 180 கிராம், அதாவது 95 கலோரி. நான்கு நின்றால் பழத்துக்கு 115, 120 கலோரி. ஏழு நின்றால் 65, 70. இதற்கு மேல் துல்லியம் எதற்கு? ஆப்பிள் சாப்பிட்டு யாருக்கும் கணக்கு தவறுவதில்லை. கணக்கு தவறுவது பக்கத்தில் இருக்கும் மிக்சர் பொட்டலத்தில்.

அந்தக் கலோரி எதிலிருந்து வருகிறது?

ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையிலிருந்து. 100 கிராம் ஆப்பிளில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர். மாவுச்சத்து வகை மொத்தம் 14 கிராம். அதில் இயற்கைச் சர்க்கரை 10 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம். புரதம் கால் கிராம், கொழுப்பு அதைவிடக் குறைவு. கொலஸ்ட்ரால் அறவே இல்லை. இதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, எந்தப் பழத்திலும் கொலஸ்ட்ரால் இருக்காது.

சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃபிரக்டோஸ். மற்றது குளுக்கோஸும் சுக்ரோஸும். சம அளவு குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் நாக்குக்கு இனிப்பாகத் தெரியும்.

நடுத்தர ஆப்பிளில் 19 கிராம் சர்க்கரை என்கிறார்கள். அப்படியானால் சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவோடு. 19 கிராம் என்றதும் பயம் வரும், நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை ஆயிற்றே. ஆனால் அதை டீயில் போட்டுக் குடிப்பதும், நாரோடும் தண்ணீரோடும் மென்று விழுங்குவதும் ஒன்றல்ல. ஆப்பிளில் உள்ள பெக்டின் என்ற கரையும் நார் வயிற்றில் கூழ் மாதிரி ஆகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ரத்தச் சர்க்கரையை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீட்டில் ஆப்பிளுக்கு 36 முதல் 40 வரை. 55க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பார்கள்.

2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜேயில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் சுமார் 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தரவு அது. புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாக அதிகம் சாப்பிட்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடம் அதிகமாக இருந்தது. இது கவனித்துச் சொன்னதுதான், ஆப்பிள்தான் காரணம் என்று நிரூபித்தது ஆகாது. என்றாலும் பழம் வேறு, சாறு வேறு என்பதற்கு இது போதும்.

நடைமுறையில், ஒரு வேளைக்கு ஒரு சின்னப் பழம் அல்லது பெரிய பழத்தில் பாதி. நிறையச் சோறு சாப்பிட்ட கையோடு வேண்டாம், பதினொரு மணிக்கோ நாலு மணிக்கோ பிஸ்கட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். உங்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை அந்தக் கருவியைவிட நான் நன்றாகச் சொல்ல முடியாது. இன்சுலின் போடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்வது நல்லது.

பச்சை ஆப்பிளில் சர்க்கரை குறைவு என்பது உண்மையா?

கொஞ்சம் உண்மை. கிரானி ஸ்மித் எனப்படும் பச்சை ரகத்தில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, ஃபுஜியில் சுமார் 12 கிராம். நாக்குக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் சத்தில் இல்லை. பச்சை ஆப்பிள் புளிப்பது அதில் மாலிக் அமிலம் கூடுதலாக இருப்பதால். புளிக்கிறது, அதனால் சர்க்கரையே இல்லை என்று இரண்டு பழமாகத் தின்றால் கணக்கு தலைகீழாகிவிடும். புளிப்பு பிடித்தால் வாங்குங்கள். டயட் என்ற பெயருக்காகக் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

ஷிம்லா, காஷ்மீர், வாஷிங்டன், ராயல் காலா, ஃபுஜி: எதில் சத்து அதிகம்?

100 கிராமுக்கு எல்லாம் 50 முதல் 65 கலோரிக்குள். சத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். வித்தியாசம் எல்லாம் ருசியிலும் கடிபடும் பதத்திலும் விலையிலும்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ‘வாஷிங்டன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் கருஞ்சிவப்புப் பழம் பெரும்பாலும் ரெட் டெலிஷியஸ். நம் ஷிம்லா பழத்துக்கும் அதே வம்சம்தான். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ், ஷிம்லா பக்கத்துக் கோட்கர் என்ற ஊரில் 1910-களில் அந்த நாற்றைக் கொண்டுவந்து நட்டார். இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களுக்கு வழிகாட்டியது அதுதான். ஃபுஜியும் பாதி அதே குடும்பம்: ஜப்பானில் ரெட் டெலிஷியஸையும் ரால்ஸ் ஜேனட் என்ற ரகத்தையும் கலந்து உருவாக்கி 1962-இல் வெளியிட்டார்கள்.

எதை வாங்குவது என்று கேட்டால், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை இமாசலமும் காஷ்மீரும். புதிதாகப் பறித்து வரும், விலையும் இறங்கியிருக்கும்.

தோலைச் சீவலாமா?

சீவாதீர்கள். தோலோடு 100 கிராமுக்கு 2.4 கிராமாக இருக்கும் நார், சீவினால் 1.3 ஆக இறங்கிவிடுகிறது. கிட்டத்தட்ட பாதி. குவர்செடின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களும் தோலில்தான் மிகுதி. கலோரியோ 52-இலிருந்து 48 ஆகத்தான் குறையும். சர்க்கரை முழுவதையும் வைத்துக்கொண்டு நாரைக் குப்பையில் போடுகிற வேலை அது.

அந்த மெழுகு?

பளபளப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். மரத்தில் இருக்கும்போதே ஆப்பிளுக்கு மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. ஈரம் போகாமல் காக்க அதுவாகவே உண்டாக்கிக்கொள்வது. பறித்த பின் கழுவும்போது அதில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதற்கு ஈடாகத் தேன்மெழுகு, கார்னௌபா என்ற பனை மெழுகு, அரக்கு இவற்றில் ஒன்றை லேசாகப் பூசுகிறார்கள். இவை உணவில் பூச அனுமதிக்கப்பட்டவை. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே பளபளப்பு தருவதும் இதே சரக்குதான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்தால் போதும். பூச்சிமருந்துக் கவலை மெழுகுக் கவலையைவிட நியாயமானது. கொஞ்சம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுத்தால் மேல்தோலில் இருப்பது பெருமளவு போகும். உள்ளே இறங்கியது போகாது. கத்தியால் சுரண்டி, வெள்ளையாக வருவதை வீடியோ எடுப்பதில் மட்டும் பயன் இல்லை. மெழுகு பூசாத பழத்திலும் அது கொஞ்சம் வரும்.

வைட்டமின்கள் என்னென்ன இருக்கின்றன?

இங்கேதான் ஆப்பிள் சுமார். நடுத்தரப் பழத்தில் வைட்டமின் சி 8 மி.கி. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி. தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஆக, பத்தில் ஒரு பங்கு. பொட்டாசியம் 195 மி.கி. கால்சியம் 11 மி.கி., பெயருக்கு. வைட்டமின் ஏ, பி வகைகள் எல்லாம் இருக்கின்றன என்று பட்டியல் போடலாம், அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இப்போது கொய்யாவை எடுங்கள். 100 கிராமில் 68 கலோரி, நார் 5.4 கிராம், வைட்டமின் சி 228 மி.கி. ஆப்பிளில் அதே 100 கிராமுக்கு 4.6 மி.கி.தான். ஐம்பது மடங்கு. பப்பாளியில் 43 கலோரிக்கு 60 மி.கி. வைட்டமின் சி வருகிறது. நெல்லிக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற கொய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆப்பிளை இந்தக் கணக்கில் ஓட ஓட விரட்டும். (உப்பைக் கொஞ்சம் குறைத்துத் தூவச் சொல்லுங்கள்.)

ஆப்பிளின் பலம் வேறு இடத்தில்: குறைந்த கலோரி, ஒரு நடுத்தரப் பழத்துக்கு 4.4 கிராம் நார், நிறையத் தண்ணீர், தோலில் உள்ள பாலிஃபீனால்கள் (குவர்செடின் இந்த வகைதான்), மென்று தின்ன எடுக்கும் நேரம். அதோடு பையில் போட்டு நாலு நாள் எடுத்துப் போனாலும் கெடாது. கொய்யாவால் அது முடியாது.

நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதே, அது இரும்புச்சத்துதானே?

இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நம் கூடவே வரும் கதை இது. ஆப்பிளை வெட்டும்போது செல்கள் உடைகின்றன. அதில் இருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் பாலிஃபீனால்களும் காற்றும் ஒன்று சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. வாழைக்காய், கத்தரிக்காய் கறுப்பதும் இதே கதைதான்.

இரும்பு என்று பார்த்தால் ஒரு முழு ஆப்பிளில் 0.2 மி.கி. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மி.கி. தேவை. ஆப்பிளை மட்டும் நம்பினால் தினம் நூற்றுக்கும் மேல் சாப்பிட வேண்டியிருக்கும். ரத்தசோகை என்று டாக்டர் சொன்னதும் ஆப்பிளும் மாதுளையும் வாங்கி அடுக்குகிறார்களே, அந்தக் காசுக்குக் கம்பும் கீரையும் அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஈரலும் வாங்கலாம். 100 கிராம் கம்பில் மட்டும் 6 மி.கி.க்கு மேல் இரும்பு இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இவற்றை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் ஆப்பிள் பழுப்பாகாமல் இருக்க, துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ லேசான உப்புத் தண்ணீரிலோ ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். பழுப்பானதைச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஜூஸாகக் குடிக்கலாமா?

குடிக்கலாம், ஆப்பிள் சாப்பிட்ட கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு தம்ளர் (250 மி.லி.) ஆப்பிள் சாற்றில் சுமார் 115 கலோரி. நார் அரை கிராம்கூடத் தேறாது. ஒரு தம்ளருக்கு இரண்டு மூன்று பழம் போகும். மூன்று ஆப்பிளை உட்கார்ந்து மென்று பாருங்கள், தாடை வலிக்கும். சாறாக இரண்டு நிமிடம்.

அமெரிக்காவில் 58 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அவர்களுக்கு ஒரே அளவு கலோரியை ஒரு நாள் ஆப்பிள் துண்டாகவும், ஒரு நாள் மசித்த ஆப்பிளாகவும், ஒரு நாள் சாறாகவும் கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்காத நாளும் உண்டு. துண்டு சாப்பிட்ட நாளில், முன்னால் தின்ற ஆப்பிளின் கலோரியையும் சேர்த்துப் பார்த்தபோதே, ஒன்றும் கொடுக்காத நாளைவிட 15 சதவீதம் குறைவாக உள்ளே போயிருந்தது. சாறுக்கு அந்தப் பலன் இல்லை. நாரைத் தனியாகக் கலந்து கொடுத்த சாறும் துண்டுக்கு ஈடாகவில்லை. மெல்வதில் ஏதோ இருக்கிறது.

மில்க் ஷேக்?

தோல் சீவிய ஒரு ஆப்பிள் 85, நீல பாக்கெட் பால் 200 மி.லி. 120, சர்க்கரை 20 கிராம் 80. மொத்தம் 285 கலோரி. மேலே ஐஸ்கிரீம் உருண்டை வைத்தால் 400-ஐத் தொட்டுவிடும். பிடித்தால் குடியுங்கள், டிபனாக நினைத்துக் குடியுங்கள்.

எடை குறைய ஆப்பிள் உதவுமா?

வேறு எதற்காவது பதிலாகச் சாப்பிட்டால் உதவும். மாலையில் இரண்டு வடைக்குப் பதிலாக ஒரு ஆப்பிள் என்றால் நல்ல மாற்றம். இரண்டு வடையோடு சேர்த்து ஒரு ஆப்பிள் என்றால் 95 கலோரி கூடுகிறது, அவ்வளவுதான். ஆப்பிளை மெல்வதிலேயே அதன் கலோரி செலவாகிவிடும் என்பது கட்டுக்கதை. மூன்று வேளையும் ஆப்பிள் மட்டும் என்ற பட்டினி முறையில் புரதம் என்று ஒன்றுமே கிடைக்காது. குறைவதில் தண்ணீரும் தசையும் சேர்ந்தே இருக்கும், சாப்பாடு திரும்பியதும் எடையும் திரும்பும்.

வெறும் வயிற்றில், இரவில் சாப்பிடக் கூடாதாமே?

கலோரி கடிகாரம் பார்ப்பதில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புளிப்பு ரகம் படுக்கும் முன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

ஆப்பிள் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. ஏன்?

ஆப்பிளில் ஃபிரக்டோஸ், குளுக்கோஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். கூடவே சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் உண்டு. சிலருடைய சிறுகுடல் இவற்றை முழுவதும் உறிஞ்சுவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகிறது. ஐபிஎஸ் (IBS) என்ற குடல் தொல்லை உள்ளவர்களுக்கு இது அதிகம். பாதிப் பழமாகக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் உப்பினால் ஆரஞ்சுக்கோ பப்பாளிக்கோ மாறிவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆப்பிள் கொடுக்கிறார்களே?

இதில் ஆப்பிளின் ‘குறை’தான் நிறை. சிறுநீரகம் பழுதானவர்கள் பலருக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு உண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் 358 மி.கி. பொட்டாசியம், ஆப்பிளில் 107 மட்டும். அதனால்தான் வாழைப்பழமும் இளநீரும் வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் ஆப்பிளுக்குத் தலையாட்டுகிறார். ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவரே சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு எப்போது, எப்படிக் கொடுப்பது?

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கியதும், தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்துக் கொடுக்கலாம். சர்க்கரை சேர்க்க வேண்டாம், ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. வேகவைக்காத ஆப்பிள் துண்டு சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் பொருள். நான்கு வயது வரை மெல்லிய சீவலாகவோ துருவியோதான் தர வேண்டும். ஓடி விளையாடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

விதையில் விஷம் உண்டா?

உண்டு, பயப்படும்படி இல்லை. விதையில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, நசுங்கினால் அதிலிருந்து சயனைடு உண்டாகும். தெரியாமல் ஒன்றிரண்டு விதையை விழுங்கினால் கெட்டியான தோலோடு அப்படியே வெளியே போய்விடும். மிக்சியில் அடிக்கும்போது மட்டும் நடுத்தண்டை விதையோடு எடுத்துவிடுங்கள்.

மாத்திரையை ஆப்பிள் ஜூஸில் விழுங்கலாமா?

தண்ணீரே நல்லது. அலர்ஜிக்குக் கொடுக்கும் ஃபெக்சோஃபெனடின் மாத்திரையை ஆப்பிள், ஆரஞ்சு சாறுகளோடு எடுத்தால் உடம்பில் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடும்.

கடையில் இருக்கும் பழம் மாதக்கணக்கில் பழையது என்கிறார்களே, அதில் சத்து இருக்குமா?

மாதக்கணக்கில் பழையதாக இருக்கலாம், உண்மைதான். ஆக்சிஜனைக் குறைத்து, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் அடைத்து வைக்கும் கிடங்குகள் உண்டு. அங்கே பழம் கிட்டத்தட்டத் தூங்கும். பிப்ரவரியில் பழம் கிடைப்பது இதனால்தான், அல்லது வெளிநாட்டிலிருந்து வருவதால். கலோரியும் நாரும் பெரிதாக மாறுவதில்லை. வைட்டமின் சி குறையும், அது முதலிலேயே கொஞ்சம்தான். நாக்குக்குத்தான் நஷ்டம். பழைய பழத்தில் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடுவதால் கடித்தால் நொறுங்காமல் மாவு மாவாக இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள்: அளவுக்கு மீறி லேசாக இருந்தால், காம்புப் பக்கம் சுருங்கியிருந்தால் வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஃபிரிட்ஜில் வையுங்கள், கீரைக்கும் வெள்ளரிக்கும் பக்கத்தில் வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அவற்றைச் சீக்கிரம் வாட வைக்கும். பழுக்காத வாழை சீப்போடு ஒரு பையில் போட்டால் அதே வாயு நமக்கு வேலை செய்து கொடுக்கும்.

தினம் ஒரு ஆப்பிள் சாப்பிட்டால் டாக்டரே வேண்டாமா?

வேல்ஸ் பகுதியில் வழங்கிய அந்தப் பழமொழி 1866-இல் அச்சில் வந்தது. அதன் பழைய வடிவம், படுக்கப் போகும்போது ஓர் ஆப்பிள் சாப்பிட்டால் டாக்டருக்குப் பிழைப்பு போய்விடும் என்பது. இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 8,399 பேரின் தரவை எடுத்து 2015-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். தினம் ஆப்பிள் சாப்பிட்டவர்கள் 753 பேர். படிப்பு, வருமானம் போன்ற மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தால் டாக்டரிடம் போவதில் வித்தியாசம் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து வாங்குவது மட்டும் கொஞ்சம் குறைவு. மருந்துக்கடைக்காரர்தான் கவலைப்பட வேண்டும் போல.

விலையைப் பார்த்தால் வாங்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் ஒன்றும் இல்லை. சீசனில் விலை இறங்கும்போது வாங்குங்கள், மற்ற மாதங்களில் கொய்யா, பப்பாளி, நாவல், சாத்துக்குடி என்று ஊரில் கிடைப்பதைச் சாப்பிடுங்கள். எந்த ஒரு பழத்தையும் வருஷம் முழுக்கத் தின்றே ஆக வேண்டும் என்று உடம்பு கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதானால், படுத்திருப்பவருக்குச் சுகர் இருக்கிறதா, மெல்ல முடியுமா என்று வீட்டாரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, அந்த ஆப்பிள்களில் பாதியைக் கூட இருக்கும் அட்டெண்டர்தான் சாப்பிட்டு முடிக்கிறார். அவருக்கும் பசிக்கும்தானே.